மாஸ்டடானா, புளூஸ்கையா, நாஸ்டரா: உங்கள் பெயரும் பதிவும் யார் கையில்?

ஒரே நிறுவனத்தின் பிடியில் இல்லாத சமூக வலைத்தளம் தேடி வருபவர்கள் முதலில் கேட்பது, "எதில் கூட்டம் அதிகம்?" என்றுதான். அதைவிட மூன்று கேள்விகள் முக்கியம். உங்கள் பெயரை யார் வைத்திருக்கிறார்கள்? பதிவுகள் எங்கே இருக்கின்றன? இடம் மாறினால் எதெல்லாம் கூட வரும்? மாஸ்டடான், புளூஸ்கை, நாஸ்டர் மூன்றும் இந்தக் கேள்விகளுக்கு வெவ்வேறு பதில் சொல்கின்றன.

2016இல் ஆய்கன் ரோச்கோ தொடங்கிய மாஸ்டடானில் உங்கள் கணக்கு ஏதாவது ஒரு சர்வரில், அதாவது யாரோ ஒருவர் தனியே நடத்தும் கணினியில், இருக்கும். முகவரியும் மின்னஞ்சல் போலத்தான்: முதலில் உங்கள் பெயர், பின்னால் சர்வரின் பெயர். ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறைப்படி (சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகள்), நீங்கள் எழுதுவதை உங்கள் சர்வர் உங்களைப் பின்தொடர்பவர்களின் சர்வர்களுக்கு அனுப்பிவைக்கும். ஒரு சர்வரில் யாரும் உங்களைத் தொடரவில்லை என்றால் அந்தச் சர்வருக்குப் பொதுவாக அனுப்பாது. புதியவர்களைக் குழப்பும் பல விஷயங்களுக்கு இதுதான் காரணம். வேறு சர்வரில் உள்ள ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் பழைய பதிவுகளே இல்லாததுபோல் தெரியும். ஒரு பதிவுக்கு அங்கே பத்துப் பதில், இங்கே மூன்று என்று காட்டலாம். எதுவும் பழுதாகவில்லை; உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான். அந்தப் பதிவின் முழு இணைப்பை நகலெடுத்து உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். உங்கள் சர்வர் அதை இழுத்துவந்துவிடும், பிறகு பதில் எழுதலாம்.

ஆகவே மாஸ்டடானில் சர்வர் தேர்வுதான் பெரிய முடிவு. அதன் அதிகாரபூர்வத் தளத்தில் பட்டியலிடப்படும் சர்வர்கள் ஓர் உடன்பாட்டை ஏற்றவை: தினமும் காப்புநகல், அவசரத்துக்குக் குறைந்தது இன்னொருவர் கையிலும் நிர்வாக அணுகல், மூடுவதானால் மூன்று மாத முன்னறிவிப்பு. நண்பர் சொன்னார் என்று பட்டியலில் இல்லாத சர்வரில் சேர்வதானால் இந்த மூன்றையும் கேட்டுவிட்டுச் சேருங்கள். எந்த உடன்பாடும் காப்பாற்றாத இடமும் ஒன்று உண்டு: டொமைன், அதாவது சர்வரின் இணையப் பெயர். 2024 பிப்ரவரியில் குவியர்.ஏஎஃப் என்ற சர்வர் தன் டொமைனை இழந்தது. ஏஎஃப் என்ற முடிவு ஆப்கானிஸ்தானுடையது, அந்நாட்டு நிர்வாகம் அதை முடக்கிவிட்டது. பெயர் போனதும் அதில் முடியும் எல்லா முகவரிகளும் செத்துப்போயின.

சர்வர் மாறும் வழி இது. புதிய சர்வரில் கணக்கு திறந்து, அமைப்புகளில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேருங்கள். பிறகு பழைய கணக்கில் "வேறு கணக்குக்கு மாறு" பகுதியில் புதிய முகவரியும் கடவுச்சொல்லும் கொடுங்கள். பின்தொடர்பவர்கள் தாமாகவே வந்துசேர்வார்கள். நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், புக்மார்க் ஆகியவற்றைச் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி நீங்களே ஏற்ற வேண்டும். பதிவுகள் வராது, பழைய இடத்திலேயே கிடக்கும். மறுபடி மாற 30 நாள் காத்திருக்க வேண்டும். முக்கியமானது, பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். சர்வர் திடீரென்று நின்றுபோனால் பின்தொடர்பவர்களை மீட்க வழியில்லை. சிஎஸ்வி கோப்புகளை மாதம் ஒருமுறை இறக்கிவைப்பது நல்லது.

2024 பிப்ரவரியில் அழைப்பில்லாமலே எல்லோருக்கும் திறந்த புளூஸ்கை இந்த இடத்தில் மேல். அங்கே உங்கள் நிரந்தர அடையாளம் ஒரு குறியீட்டு எண். கண்ணுக்குத் தெரியும் பெயர் அதன்மேல் ஒட்டிய பலகைதான். சொந்த டொமைன் இருந்தால் அதன் டிஎன்எஸ் பதிவில் (டொமைன் விற்றவரின் தளத்தில் உள்ள அமைப்பு) ஒரு வரி சேர்த்து அதையே பெயராக்கலாம். டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் பெயர் செல்லாது என்று காட்டும், ஆனால் பதிவுகளும் பின்தொடர்பவர்களும் அப்படியே இருப்பார்கள். உங்கள் பதிவுகளை வைத்திருக்கும் தரவு சர்வரை விட்டு வேறொன்றுக்கு மாறினால் பதிவுகளும் கூடவே வரும். எல்லாத் தரவு சர்வர்களின் பதிவுகளையும் ரிலே என்ற சர்வர் ஓரிடத்தில் திரட்டித் தருவதால் பதில்கள் விடுபடுவதும் குறைவு.

விலை இல்லாமல் இல்லை. ரிலே, அடையாளப் பதிவேடு, செயலி எனப் பெரும்பாலானோர் சார்ந்திருக்கும் பகுதிகளை இன்னும் புளூஸ்கை நிறுவனமே நடத்துகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வயதுச் சரிபார்ப்புச் சட்டத்தால் நிறுவனம் தன் செயலியை நிறுத்தியது. தடை தங்கள் செயலிக்கு மட்டுமே, அதே நெறிமுறையில் இயங்கும் மற்றவர்கள் தாங்களே முடிவெடுக்கலாம் என்றும் சொன்னது. அப்படிப்பட்ட மற்றவர்கள் பெருகினால்தான் மையமில்லை என்ற பேச்சுக்குப் பொருள் வரும். தரவு ஏற்றுமதியில் எழுத்துகள் வரும், படங்கள் வராது என்பதையும் கவனியுங்கள். நீங்கள் யாரைத் தடுத்தீர்கள் என்பதும் பொதுவில் தெரியும்.

நாஸ்டரில் கணக்கு என்று ஒன்றே இல்லை. செயலி இரண்டு சாவிகளை உருவாக்கும்: ஊருக்குக் காட்டும் பொதுச்சாவி, பதிவு உங்களுடையதுதான் என்று கையொப்பமிடும், காட்டவே கூடாத ரகசியச்சாவி. ரகசியச்சாவி தொலைந்தால் மீட்டுத்தர யாருமில்லை, கசிந்தால் கடவுச்சொல்போல மாற்றவும் முடியாது. அதைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். பார்த்த தளத்திலெல்லாம் ஒட்டாமல், உலாவி நீட்சியிலோ ஆண்ட்ராய்டில் ஆம்பர் செயலியிலோ வைத்துக் கையொப்பமிடுங்கள். நீங்கள் அழித்த பதிவை ரிலேக்கள் (நாஸ்டரில் பதிவுகளை வாங்கிவைத்துப் பரப்பும் சர்வர்கள்) அழித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதல்முறை வருபவருக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

தனிச்செய்தி விஷயத்தில் மாஸ்டடானையும் புளூஸ்கையையும் நம்ப வேண்டாம். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற முழுமறைப்பு (எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன்) இரண்டிலும் இயல்பாக இல்லை. நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். மாஸ்டடானில் தனிச்செய்திக்குள் மூன்றாவது நபரின் முகவரியைக் குறிப்பிட்டாலே அவருக்கும் செய்தி போய்விடும்.

தமிழில் எழுதுபவர்கள் பதிவின் மொழியைத் தமிழ் என்று மாற்ற மறக்கக் கூடாது. ஆங்கிலம் என்றே விட்டால் மொழி வடிகட்டி வைத்திருப்பவர்களின் கண்ணில் அது படாது. மாஸ்டடானில் இயல்பான வரம்பு 500 எழுத்து, புளூஸ்கையில் 300. புளூஸ்கையில் 'கொ' என்பது ஒரே எழுத்தாகத்தான் கணக்காகும்.

மாஸ்டடானுக்கும் புளூஸ்கைக்கும் நடுவே பிரிட்ஜி ஃபெட் என்ற பாலம் இருக்கிறது. அதன் கணக்கைப் பின்தொடர்ந்தால் உங்கள் புதிய பொதுப் பதிவுகள் அடுத்த பக்கத்திலும் தோன்றும். பாலத்தில் சேராத ஒருவர் அங்கே எழுதும் பதில் மட்டும் உங்களை வந்தடையாது.