குலசேகரம் பக்கம் ஒரு வாழை நாற்றுப் பண்ணை: ஏத்தன் கன்று வாங்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்திலிருந்து திருவட்டாறு வரும் வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன நாற்றுப் பண்ணை இருக்கிறது. ஓணத்துக்கு வெட்டுகிற கணக்கில் ஐப்பசியில் நடுவதற்கு, ஏத்தன் (நேந்திரன்) வாழையில் 200 திசு வளர்ப்புக் கன்று, அதாவது ஆய்வகக் குப்பியில் வளர்த்த கன்று, அங்கேதான் எடுத்தேன். குலை வெட்டி விற்று முடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

விலை கன்றுக்கு 20 ரூபாய். தாய் வாழையின் அடியில் முளைக்கிற கிழங்குக் கன்று இதைவிட மலிவாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய வெள்ளாமையில் வேறோர் இடத்தில் எடுத்த கிழங்குக் கன்றில் முடிக்கொத்து என்கிற வைரஸ் நோய் வந்து, பாதித் தோட்டம் குலை தள்ளாமலே நின்றது. ஐந்தாம் மாதம் இலை குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாகக் குவிந்துவிட்டது. உரம், தண்ணீர், கூலி எல்லாம் போட்ட பிறகு தெரிந்து என்ன பயன்? அதனால் இந்தத் தடவை விலையைப் பார்க்கவில்லை, கன்று எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்டேன்.

பண்ணை நடத்துகிற அக்கா கேட்டவுடன் தாளை எடுத்துக் காட்டினார். எந்த ஆய்வகம், எந்தத் தொகுதி, வைரஸ் சோதனை முடிவு என்ன என்று எல்லாம் அதில் இருந்தது. திசு வளர்ப்புக் கன்றுக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் சான்று முறை கொண்டுவந்தது. அது ஏன் வேண்டும் என்றால், குப்பியில் வளர்த்ததாலேயே வைரஸ் போய்விடாது. தாய் வாழையில் நோய் இருந்தால் அதிலிருந்து எடுக்கிற ஆயிரம் கன்றுக்கும் அது வரலாம். பலரும் ‘திசு வளர்ப்பு’ என்று சொன்னாலே போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். சோதனைத் தாள் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

அப்புறம், பண்ணைக்கு வெளியே நின்ற ஒரு நாட்டு வாழையிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அடிமட்டையை நகத்தால் விலக்கிக் காட்டினார். உள்ளே கரும்பழுப்பு நிறத்தில் அசுவினி கூட்டமாக அப்பியிருந்தது, பக்கத்திலேயே எறும்பு வரிசை. அசுவினி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. “எறும்பு ஏறுற மூட்டை முதல்ல பாருங்க அண்ணாச்சி, இலையை அப்புறம் பாக்கலாம்” என்றார். (எங்கள் பக்கம் ஒரு வாழையை ஒரு ‘மூடு’ என்போம்.) கன்றுக் கூடத்தைச் சுற்றி நெருக்கமான பூச்சி வலை கட்டியிருப்பதும், உள்ளே நுழைய இரட்டைக் கதவு வைத்திருப்பதும் இந்த அசுவினிக்காகத்தான். முடிக்கொத்து நோயுள்ள வாழையில் சில மணி நேரம் சாறு உறிஞ்சினால் போதும், அதன்பின் ஆயுள் முழுக்க வைரஸைச் சுமந்து திரியும். கூட்டம் நெருக்கமானால் சிறகு முளைத்து அடுத்த தோட்டத்துக்குப் பறக்கும். அரிவாளில் வெட்டுவதால் இந்த நோய் பரவாது. பரவுவதெல்லாம் கன்றாலும் அசுவினியாலும்தான்.

வாடல் நோய் வேறு ரகம். அது மண்ணில் இருக்கிற பூஞ்சை. ஒருமுறை வந்தால் பல ஆண்டு மண்ணிலேயே கிடக்கும். பாய்ச்சுகிற தண்ணீர், செருப்பில் ஒட்டுகிற சேறு, மண்வெட்டி எல்லாவற்றிலும் போகும். இதற்காகப் பண்ணை வாசலில் கால் நனைக்கும் தொட்டி வைத்திருக்கிறார்கள். நான் போன அன்று அது காய்ந்து கிடந்தது. இவ்வளவு கவனமான இடத்தில் இது பெரிய குறை. வாங்க வருகிற வண்டிகளும் கூடத்தின் அருகே வரை வருகின்றன. ரப்பர் மரத்தடியிலேயே நிறுத்தச் சொல்லலாம். இதை அவரிடமும் சொன்னேன்.

குமரி மாவட்டத்து மட்டி வாழை தேடிப் போனால் ஏமாற்றம்தான். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நிறையப் பேர் கேட்கிறார்களாம். இவர்களிடம் திசு வளர்ப்பில் மட்டி இல்லை, கிழங்குக் கன்று மட்டும், அதுவும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வேரைச் சீவி, சூடோமோனாஸ் என்கிற நன்மை செய்யும் பாக்டீரியாக் கரைசலில் முக்கித் தருகிறார்கள். ஆனால் வைரஸை அந்தக் கரைசல் ஒன்றும் செய்யாது. தாய் மூட்டை நேரில் பார்த்துவிட்டு எடுங்கள்.

நட்டபின் முதல் சில வாரம் இந்தக் கன்றுகள் மென்மையானவை, வெயிலில் வாடும். தென்னை ஓலை நாட்டி நிழல் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து, பக்கத்து விளையை (தோட்டத்தை) ஒட்டிய வரப்போரம் இரண்டு மூட்டில் சந்தேகம் வந்தது. இலையைச் சூரியனுக்கு எதிராகப் பிடித்தால் நடுநரம்பின் ஓரம் கரும்பச்சைக் கோடு, விட்டுவிட்டு, பேனா மை தீர்ந்து இழுத்த மாதிரி. படம் அனுப்பியதும் அக்கா உடனே கூப்பிட்டார். “முதல்ல மருந்தடிச்சு அசுவினியைக் கொல்லுங்க, அப்புறம் கிழங்கோட பிடுங்குங்க. அடிக்காம பிடுங்கினா எல்லாம் பறந்து அடுத்த மூட்டுக்குப் போகும்” என்றார். அப்படியே செய்தேன். மற்ற மூடு எல்லாம் குலை தள்ளியது. விற்ற பிறகும் போனை எடுத்துப் பேசுகிற நாற்றுப் பண்ணை இது ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து விளைக்காரரிடமும் அந்தக் கரும்பச்சைக் கோட்டைக் காட்டினேன். அவர் மூன்று மூடு பிடுங்கினார், அடுத்த ஐப்பசிக்கு இதே இடத்தில் கன்று சொல்லி வைத்திருக்கிறார்.

ஏத்தனுக்குத் தாராளமாகப் போகலாம். ஞாயிறு அடைப்பு. தட்டு அவர்களே தருவார்கள், வண்டி நாம்தான் கொண்டுபோக வேண்டும். புரட்டாசி பிறந்ததும் சொல்லி வைத்தால்தான் ஐப்பசிக்குக் கிடைக்கும்.