டிரெட்மில் வாங்கி நான்கரை வருடம்: ஹெச்பி, எண்ணெய், அப்புறம் அம்மாவின் கட்டில்

2021 ஜனவரியில் வாங்கிய டிரெட்மில்லில் இதுவரை ஏறத்தாழ 3,600 கிலோமீட்டர் நடந்திருக்கிறேன். டைரியில் தினமும் குறித்து வைத்த கணக்கு இது. வாங்கும்போது எதையெதையோ பார்த்துப் பார்த்து வாங்கினேன். இத்தனை நாளில் உண்மையிலேயே கைகொடுத்தவை வேறு. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் முதல் மாடி வீடு எங்களுடையது. 2019-இல் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடங்கள் என்றார் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான். ரேஸ்கோர்ஸ் சாலையை ஒரு சுற்று வந்தால் இரண்டரைக் கிலோமீட்டர். விடிகாலையில் இரண்டு சுற்று நடந்துகொண்டிருந்தேன். மறு வருடம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அவரை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். கணவர் காலை ஐந்து மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு எங்கே நடக்கப் போவது? நடை நின்றது, சர்க்கரை ஏறியது.

முதலில் வந்தது மின்சாரம் இல்லாத மேனுவல் மெஷின். தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடந்ததை வாங்கினோம். அதில் பெல்ட்டை நம் கால்தான் பின்னால் தள்ள வேண்டும். அதற்காகவே எப்போதும் முன்பக்கம் தூக்கி, சரிவாகவே இருக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளினால்தான் நகரும். இரண்டே மாதத்தில் முழங்காலும் தோளும் வலிக்க ஆரம்பித்தன. விலை குறைவு என்பதற்காக நடுத்தர வயதுக்காரர்கள் யாரும் அதை வாங்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து.

மோட்டார் வைத்தது வாங்குவதென்று முடிவானதும் விளம்பரங்களில் 4 ஹெச்பி, 5 ஹெச்பி, 6 ஹெச்பி என்று எண்கள் கண்ணில் பட்டன. பெரிய எண் நல்லது என்றே நினைத்தேன். தம்பி மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர் போன ஊர் இது. ஹெச்பி பற்றி அவனிடம் கதை விட முடியாது. ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினான். ஒரு ஹெச்பி என்றால் 746 வாட். ஆறு ஹெச்பி என்றால் 4,476 வாட். நம் வீட்டில் ஏசி மாட்டும் பெரிய பிளக்கில் 230 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கினால் 3,680 வாட்தான். "சுவத்துல இருந்து வர்றதே அவ்வளவுதான். அதுல ஆறு ஹெச்பி எப்படிக்கா நாள் பூரா ஓடும்? மோட்டார் ஒரு செகண்டு மூச்சுப் பிடிச்சுத் தூக்கறது வேற, நின்னு இழுக்கறது வேற" என்றான்.

அந்த ஒரு செகண்டு எண்தான் 'பீக்' ஹெச்பி. பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவது அதைத்தான். நமக்கு வேண்டியது 'கன்டினியூஸ்' ஹெச்பி. அது விவரத் தாளில் எங்காவது சின்னதாக இருக்கும், சில மெஷின்களில் இருக்கவே இருக்காது. அதைக் கேட்டுச் சொல்லாத கடையில் நான் வாங்கவில்லை. எங்களுடையது கன்டினியூஸ் 2 ஹெச்பி, டிசி மோட்டார். என் எடை 68 கிலோ, கணவர் 84. தாங்கும் எடை 110 என்று எழுதியிருந்தது. இருவரும் நடக்க இது தாராளம். தினமும் ஓடுகிறவர் வீட்டில் இருந்தால் இது போதாது. இன்னும் பெரியதாகப் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது நடக்கும் ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். செருப்போடு ஏறி இரண்டு நிமிடம் நடந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நான் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நடந்தேன், விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று. என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். 110 சென்டிமீட்டர் நீள பெல்ட்டே எனக்குச் சரியாகத்தான் இருந்தது. கணவர் ஏறியதும் பின்கால் விளிம்புக்குப் போய்விட்டது. பயந்து பயந்து அடியைச் சுருக்கினார். 125 சென்டிமீட்டர் பெல்ட்டில் ஏறியதும் சாதாரணமாகக் கை வீசி நடந்தார். வீட்டிலேயே உயரமானவர் எட்டு வைக்கும் நீளத்துக்குத்தான் பெல்ட் பார்க்க வேண்டும். தொடுதிரை, ஸ்பீக்கர், புளூடூத் எல்லாம் எங்கள் மெஷினிலும் இருக்கின்றன. முதல் மாதத்துக்குப் பிறகு அவற்றைத் தொட்ட ஞாபகம் இல்லை.

ஆனால் தானாக ஏறி இறங்கும் சரிவுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் ஒவ்வொரு ரூபாயும் தகும். அதை வாங்க வைத்தது மருத்துவமனையில் எடுத்த டிஎம்டி பரிசோதனை. மார்பில் ஒயர்களை ஒட்டி டிரெட்மில்லில் நடக்க வைப்பார்களே, அது. பெரும்பாலும் அதில் பின்பற்றுவது அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1960-களில் வகுத்த முறை. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம்தான், ஆனால் சரிவு 10 சதவீதம். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். ரேஸ்கோர்ஸில் மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டரில் நடந்து பழகிய எனக்கு அங்கே வெறும் நான்கிலேயே மூச்சு வாங்கியது. ஓடாமலே, முழங்காலை அதிர வைக்காமலே, இதயத்துக்கு வேலை கொடுக்க முடியும் என்று அன்றைக்குப் புரிந்தது. இப்போதும் என் நடை மணிக்கு ஐந்துக்குள்தான்; நடுவில் இருபது நிமிடம் சரிவை நாலு, ஐந்து என்று ஏற்றிக்கொள்கிறேன். சரிவில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் பாதிப் பலன் போய்விடும். பிடிக்காமல் நடக்க முடியாத சரிவு என்றால் அதைக் குறைத்துக்கொள்வதுதான் சரி.

மெஷினை மொட்டை மாடி அறையில் போடலாம் என்றார்கள் எல்லோரும். நான் அம்மாவின் அறையில், அவர் கட்டிலைப் பார்த்த மாதிரி போட்டேன். நான்கரை வருடம் விடாமல் நடந்ததற்கு மற்ற எதையும்விட இதுதான் காரணம். ஐந்தே காலுக்கு ஏறுவேன். அம்மா விழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். எப்போதாவது நடுவில் நிறுத்தினால், "என்ன கண்ணு, சத்தம் நின்னு போச்சு?" என்று கேட்பார். ஆள் புழங்காத அறையில் போட்டிருந்தால் நானும் இரண்டு மாதத்தில் விட்டிருப்பேன். கீழ் வீட்டுக்காரர்களுக்கு அதிராமல் இருக்க அடியில் கனமான ரப்பர் மேட் போட்டோம். பின்னால் ஆறடி காலியாக விட்டோம். தவறி விழுந்தால் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளக் கூடாது.

இனி நான் பட்ட பாடு. வாங்கிய எட்டாவது மாதம், நடந்துகொண்டிருக்கும்போதே திரையில் ஏதோ பிழை எண் வந்து மெஷின் நின்றுவிட்டது. கம்பெனியின் சேவை எண்ணுக்குப் பத்து முறை பேசியும் ஆள் வரவில்லை. கடைசியில் பக்கத்து ஜிம்முக்கு வழக்கமாக வரும் மெக்கானிக்கைப் பிடித்தோம். அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். விரல் காய்ந்து வெளியே வந்தது. "ஏனுங்க்கா, எண்ணெயே விட்டதில்லீங்களா?" என்று கேட்டார். எண்ணெய் விட வேண்டும் என்றே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். பெல்ட் ஒரு பலகையின் மேல் உராய்ந்தபடி ஓடுகிறது. நடுவில் எண்ணெய்ப் பசை இல்லாவிட்டால் இழுக்க மோட்டார் திணறும், கூடுதல் கரண்ட் எடுக்கும், அந்தச் சூட்டில் கன்ட்ரோலர் போர்டு போய்விடும். போர்டு வந்து சேர மூன்று வாரம் ஆனது. ஏழாயிரத்துச் சொச்சம் செலவு. மோட்டாருக்கு ஐந்து வருட உத்தரவாதம் இருந்தும் போர்டுக்கு அது செல்லாது என்றார்கள். வாங்கும்போதே போர்டு, பெல்ட், ரோலர் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அந்த பிராண்டைப் பழுது பார்க்கிற ஆள் உங்கள் ஊரிலேயே இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நானே விடுகிறேன். டிரெட்மில்லுக்கென்று விற்கும் சிலிக்கான் எண்ணெய் மட்டும்தான். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் கூடாது. பெல்ட்டும் பலகையும் கெட்டுவிடும். ஓரத்தில் பெல்ட்டைத் தூக்கி, நடுப் பலகையில் படும்படி இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு, ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தால் பரவிவிடும். அப்புறம் தூசி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று எங்கள் வீட்டுக்குள் புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். அது மோட்டார் மூடிக்குள் போய் அடைந்துகொள்ளும். ஆடி முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி மூடியைக் கழற்றி, தூசியை உறிஞ்சி எடுத்துவிடுகிறோம்.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குவது எல்லா மெஷினிலும் வரும், பயப்பட வேண்டாம். பின்பக்கம் இரண்டு போல்ட் இருக்கும். பெல்ட் இடது பக்கம் ஒதுங்கினால் இடது போல்ட்டைக் கடிகார திசையில் கால் சுற்று, மெஷினோடு வரும் எல் வடிவச் சாவியால் திருப்பினால் போதும். இரண்டு நிமிடம் ஓட விட்டுப் பார்த்து, தேவையென்றால் இன்னொரு கால் சுற்று. எங்களுடையது மாதா மாதம் ஒதுங்கியது. மெக்கானிக் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். கழுவிய தண்ணீர் ஓடுவதற்காகத் தரையே ஒரு பக்கம் வாட்டமாகப் போட்டிருக்கிறார்கள். மெஷினின் ஒரு கால் திருகை ஏற்றிவிட்டதும் தொல்லை தீர்ந்தது.

திரையில் வரும் வேகம் சரிதானா என்று நீங்களே பார்த்துவிடலாம். நின்றிருக்கும் பெல்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, கையால் நகர்த்தி முழு நீளத்தை டேப்பால் அளந்தேன்: 265 சென்டிமீட்டர். கணவரை 6-இல் நடக்க வைத்து, கோடு இருபது முறை சுற்றி வர எத்தனை விநாடி என்று பார்த்தேன். 32-க்குள் வர வேண்டும். வந்தது 34. திரையில் 6 என்றால் ஓடுவது 5.6 தான். அதனால் டைரியில் கழித்துத்தான் எழுதுகிறேன். கலோரிக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. வயது, எடை எதையும் கேட்காமல் சொல்கிற எண்ணை எப்படி நம்புவது?

மின்சாரத்துக்கு எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக் தனியாக இருக்கட்டும், எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். விளக்குக்கும் ஃபேனுக்கும் வைத்த சின்ன இன்வெர்ட்டர் இதைத் தாங்காது, அந்த லைனில் மாட்டாதீர்கள். கரண்ட் போனால் பெல்ட் சட்டென்று நின்றுவிடும். அதனால் பாதுகாப்புச் சாவியின் (இழுபட்டுக் கழன்றால் மெஷின் நின்றுவிடும்) கிளிப்பைச் சட்டையில் மாட்டுவதோடு கைப்பிடி எட்டும் தூரத்திலேயே நடக்கிறேன். குழந்தைகள் வரும் வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2021-இல் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் ஒரு குழந்தை இறந்த பிறகு, டிரெட் பிளஸ் என்ற டிரெட்மில் மாடலை வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெற்றது. குழந்தைகள் பின்பக்கமாக பெல்ட்டுக்கு அடியில் இழுக்கப்பட்டிருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, நடந்து முடித்ததும் சாவியைக் கழற்றி சாமி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுகிறேன். சுவிட்சையும் அணைத்துவிடுகிறேன். அக்காவின் பேத்தி வந்தால் அந்த அறைக் கதவே பூட்டியிருக்கும்.

வாங்கும்போது என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (ஹெச்பிஏ1சி) 8.1 சதவீதம். இப்போது 6.8. மாத்திரை தொடர்கிறது, சோற்றைக் குறைத்ததும் உண்டு. எல்லாப் பெருமையும் மெஷினுக்கு இல்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்த நாளுக்கும் நடக்காத நாளுக்கும் என் விரல் நுனிப் பரிசோதனையில் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. மழையோ தெருநாயோ பார்க்காமல் இரவு ஒன்பது மணிக்கு நடக்க முடிவது இதனால்தான்.

போன வருடம் பங்குனியில் அம்மா போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் ரேஸ்கோர்ஸ் போகிறேன். அங்கே மரங்களுக்கு நடுவே நடக்கிற சுகம் வீட்டில் வராது. மற்ற நாள்களில் இதே மெஷின்தான். கட்டிலை எடுத்துவிட்டோம், மெஷினைத் திருப்பிப் போட எனக்கு மனம் வரவில்லை.

இந்த மாதம் பெல்ட்டின் நடுப்பகுதி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, ஓரமும் பிரிகிறது. அடுத்த வாரம் மெக்கானிக் புது பெல்ட்டோடு வருகிறார். பலகையும் தேய்ந்திருக்குமே என்று கேட்டேன். இந்த மாடலில் பலகைக்கு இரண்டு பக்கமும் பூச்சு உண்டாம். புதிது வாங்க வேண்டாம், கழற்றித் திருப்பிப் போட்டால் போதும் என்றார்.