பானெட்டில் கல்லடி: பேனா, பாட்டில், ஸ்ப்ரே, பட்டறை, எது சரி?

ஜி.எஸ்.டி. சாலையில் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த 'டொக்' சத்தம் நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பானெட்டின் முன் விளிம்பில் அரிசி அளவுக்குப் பெயின்ட் பேர்ந்திருக்கும். என் காரில் முதன்முதலாக அப்படி ஆனது ஒரு செப்டம்பரில். இவ்வளவு சின்னப் புள்ளிதானே என்று விட்டுவிட்டேன். மழைக்காலம் முடிந்து பொங்கலுக்கு வண்டியைக் கழுவும்போது அந்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. சுற்றியிருந்த நல்ல பெயின்டும் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது. நான் இருப்பது திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகலாம். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு என்ன ஆகும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் இந்த வேலைக்கான முதல் காரணம் அழகு இல்லை, துரு. எந்த வழி இரும்பைச் சீக்கிரமாகவும் முழுதாகவும் மூடுகிறது என்பதை வைத்துத்தான் இங்கே எடை போடுகிறேன். பக்கத்தில் நின்று பார்த்தால் புள்ளி தெரிகிறதா இல்லையா என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் காயம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். தொழிற்சாலைப் பெயின்டின் எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான், அதாவது தலைமுடி ஒன்றிரண்டின் பருமன்தான். அடியில் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் நிறம் பிடிப்பதற்கான பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்புக்கான கிளியர் கோட். கீறலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் அது மறைகிறதா? நகத்தால் தடவினால் சிக்காமல் போகிறதா? அப்படியானால் அடிபட்டது கிளியர் மட்டும்தான். அங்கே பெயின்ட் வைக்கவே வேண்டாம், கொஞ்சம் பாலிஷ் போதும். உள்ளே சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது, அந்த வாரத்துக்குள் மூடிவிடலாம். உலோகம் மினுக்கினாலோ பழுப்பாக இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். பம்பர் அநேகமாக பிளாஸ்டிக்தான், அது துருப்பிடிக்காது. அந்தப் புள்ளிகள் பொறுமையாகக் காத்திருக்கும்.

இனி பேனாவும் பாட்டிலும், அதாவது அடிபட்ட இடத்தில் மட்டும் வைக்க வண்டியின் நிறத்திலேயே விற்கும் டச்சப் பெயின்ட். உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான்.

டச்சப் பேனாவைக் கையில் எடுத்தாலே எளிதாகத் தோன்றும். மூடியைத் திறந்து முனையை அழுத்தினால் நிறம் இறங்குகிறது. நீளமான மெல்லிய கீறலுக்கு அது நன்றாகவே உதவும், கதவு விளிம்பில் சாவி உரசின கோடு மாதிரி. ஆனால் கல்லடிப் புள்ளி என்பது ஒரு சின்னக் குழி. பேனா முனை குழியை நிரப்புவதைவிட அதன் கரையில்தான் அதிகம் தீட்டுகிறது. அழுத்தத்தை அளந்து கொடுப்பதும் கடினம். ஒரு அழுத்தில் ஒன்றும் வராது, அடுத்த அழுத்தில் பொட்டு மாதிரி கொட்டிவிடும்.

பாட்டிலில் பெயின்ட் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மூடியோடு வரும் பிரஷ்ஷை மட்டும் மறந்துவிடுங்கள். அது நகப்பூச்சுக்கு வருவது போன்ற தடித்த பிரஷ், அரிசி அளவுப் புள்ளிக்கு உளுந்து அளவு பெயின்ட் வைக்கும். ஓவியம் வரைபவர்கள் வாங்கும் மிக மெல்லிய பிரஷ், இல்லாவிட்டால் பல்குத்தியின் முனை, இதில் ஏதாவது ஒன்று போதும். என் ஓட்டு பாட்டிலுக்கு, அதுவும் இந்தச் சின்ன மாற்றத்தோடு.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல் நிறப் பொருத்தம். "சில்வர் கலர் கொடுங்க" என்று கடையில் கேட்காதீர்கள். பானெட்டுக்கு அடியில் உள்ள தகட்டிலோ டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ நிறக் குறியீடு இருக்கும். மாருதியின் சில்க்கி சில்வருக்கு இசட்2எஸ் என்பது மாதிரி. அதைப் போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டுக்கோ உங்கள் வண்டி கம்பெனியின் உதிரிபாகக் கடைக்கோ போங்கள். சாதா வெள்ளை, சாதா சிவப்பு என்றால் பிரஷ்ஷில் வைத்தாலும் நன்றாகவே ஒத்துப்போகும். மெட்டாலிக்கில் கொஞ்சம் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். தொழிற்சாலையில் ஸ்ப்ரே அடிக்கும்போது உலோகத் துகள்கள் படுத்தவாக்கில் அமர்கின்றன. பிரஷ்ஷில் வைத்தால் தாறுமாறாக நிற்கும், அதனால் ஒரு கோணத்தில் கருமையாகத் தெரியும். பாட்டிலை ஒன்றிரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கினால் இது குறையும், ஆனால் முழுக்கப் போகாது. முத்து வெள்ளையில் அடிநிறம், முத்துப் பூச்சு என்று இரண்டு அடுக்கு இருப்பதால் அதற்கு இரண்டு பாட்டில் கொண்ட செட்டாகக் கேளுங்கள்.

ஸ்ப்ரே டப்பாவை இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அரிசி அளவுப் புள்ளிக்கு உள்ளங்கை அளவு இடத்தில் நிறம் பரவும். அதன் ஓரம் தெரியாமல் இருக்கச் சுற்றிலும் தேய்க்க வேண்டும், மேலே கிளியர் அடிக்க வேண்டும். கடைசியில் நல்ல பெயின்ட் மேலும் கொஞ்சம் போய்விடும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அடித்தால் பக்கத்து வண்டியிலும் தூசியாகப் படியும். மிரர் கவர் மாதிரி தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய சின்ன பாகம் முழுவதையும் அடிக்கத்தான் அது சரி.

நகப்பூச்சைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 1920களில் கார்களுக்கு வந்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரும் நகப்பூச்சும் உறவுக்காரர்கள்தான், யோசனையில் தவறில்லை. ஆனால் வெயிலில் அது வெளுக்கும், விரிசல் விடும். சரியான பெயின்ட் வந்துசேரும்வரை ஒன்றிரண்டு வாரம் ஈரம் புகாமல் இருக்க நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு வைக்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

அடுத்து பட்டறை. அந்தப் பொங்கல் புள்ளியோடு ஒரு பெயின்டரிடம் போனேன். "சார், டச்சப் பண்ணினா புள்ளி தெரியும். முழு பானெட்டையும் அடிச்சிடலாம்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. தூரத்திலிருந்து பார்க்க அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு அரிசிப் புள்ளிக்காகத் தொழிற்சாலைப் பெயின்டைச் சுரண்டி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. வயரும் பிளாஸ்டிக்கும் பொருத்தாத வெறும் கூடாக இருக்கும்போதே தொழிற்சாலையில் பெயின்டை 140 டிகிரி அளவுக்குச் சூடாக்கி இறுக்குகிறார்கள். முழு வண்டியாக நிற்கும் காரை எந்தப் பட்டறையின் பெயின்ட் அறையிலும் அந்த அளவுக்குச் சூடாக்க முடியாது. விற்கும்போது இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய கார் வாங்குபவர்கள் இப்போது பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியோடு வருகிறார்கள். ஒரு பேனலில் மட்டும் அளவு கூடினால் விபத்தில் அடிபட்ட வண்டியோ என்ற சந்தேகம் வரும்.

இன்சூரன்சில் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றலாம். 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயமாக உங்கள் பங்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. அதோடு, க்ளைம் இல்லாத வருடங்களுக்காக 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் தள்ளுபடியும் போய்விடும். கல்லடிப் புள்ளிக்கு அது கட்டுப்படியாகாது.

பாட்டிலோடு வீட்டில் வேலை செய்வதென்றால் நாளும் நேரமும் முக்கியம். முதல் தடவை நவம்பரில், மழை விட்ட ஒரு மாலையில் வைத்தேன். காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் புகை படிந்தது போல் ஆனது. தின்னர் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதால் வரும் வெளுப்பு அது. மே மாதத்து மதிய வெயிலில் வைத்தால் நேர்மாறு: மேல்பரப்பு உடனே காய்ந்து உள்ளே குமிழி தங்கிவிடும். மழையில்லாத நாளில், வெயில் ஏறுவதற்கு முன், நிழலில் நிற்கும் வண்டியில் செய்யுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இதற்கு நல்ல காலம்.

ஷாம்பூ போட்டுக் கழுவி, காயவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். மெழுகோ எண்ணெயோ இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பழுப்பு தெரிந்தால் கூர்மையான முனையால் சுரண்டி, துரு மாற்றி (துருவைக் கெட்டிப் பூச்சாக மாற்றும் திரவம்) வைத்து, அது காய்ந்தபின் பிரைமர் ஒரு சொட்டு. இரும்பு தெரிந்த இடத்தில் பிரைமரைத் தவிர்த்தால் உழைப்பு வீண். அப்புறம் நிறம், மெல்லிய அடுக்குகளாக. ஒரே தடவையில் குழியை நிரப்பப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரமாவது விட்டு, மூன்று நான்கு முறை. காயும்போது பெயின்ட் சுருங்கி உள்வாங்கும், அதனால்தான் இத்தனை முறை. கடைசியில் கிளியர், அதுவும் மெல்லியதாக இரண்டு முறை.

பலரும் இதோடு நிறுத்திவிடலாம். துரு தடுக்கப்பட்டுவிட்டது. மேடு கண்ணை உறுத்தினால் ஒரு வாரம் இறுகவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக மென்மையான உப்புத்தாள்) ரப்பரில் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேட்டை மட்டும் மெதுவாகத் தேயுங்கள். பிறகு பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர ரப்பிங் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை. இங்கே கை நடுங்கினால் சுற்றியுள்ள கிளியரும் தேயும். உங்களுக்கு இது முதல் தடவை என்றால் அந்த மேட்டை அப்படியே விட்டுவிடுவதுதான் என் யோசனை.

பாட்டில் தோற்கும் இடமும் இருக்கிறது. கொப்புளம் எழும்பி, அழுத்தினால் பெயின்ட் நொறுங்கினால் துரு அடியில் பரவிவிட்டது. என் பொங்கல் புள்ளி அப்படித்தான் ஆகியிருந்தது, முழு பானெட்டுக்கு மறுத்தாலும் அந்த இடத்தைச் சரிசெய்யப் பட்டறையில்தான் விட்டேன். விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்: துருவைச் சுத்தமாக இரும்பு வரை எடுக்க வேண்டும், நிறம் அந்தப் பகுதிக்கு மட்டும், கிளியர் முழு பேனலுக்கும். பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்துத் துருவை மூடிவிடாமல் இருக்க, பிரைமர் அடிக்கும் முன் ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.