கிளிநொச்சியில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: காந்தமும் மீகடத்தலும்

கிளிநொச்சி நகரிலுள்ள தனியார் கல்வி நிலையமொன்று உயர்தரப் பௌதிகவியல் மாணவருக்கும் ஆசிரியருக்குமாக நடத்திய ஒருநாள் வகுப்புக்கு, புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வழியாகக் காலைப் பேருந்தில் சென்று வந்தேன். அமுக்கத்துக்கு உட்பட்ட காந்தப் பொருள்களில் தோன்றும் மீகடத்துதிறன், அதாவது தடையே இல்லாமல் மின்னைக் கடத்தும் தன்மை, பாடத்திட்டத்துக்குப் புறம்பான விடயம். அதற்கு ஆயிரம் ரூபா தகுமா என்ற ஐயத்துடனேயே போனேன்.

முற்பகலுக்குத் தகும். 1911 இல் பாதரசம் 4.2 கெல்வினில் தன் தடையை முற்றாக இழந்ததையும், எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இலத்திரன்கள் சோடி சேர்வதே அதற்குக் காரணமென 1957 இல் விளக்கப்பட்டதையும் விரிவுரையாளர் விரைவாகச் சொல்லி முடித்தார். காந்தம் தற்சுழற்சிகளை ஒரே திசைக்குத் திருப்பி அச்சோடிகளைப் பிரித்துவிடும் என்பதால் அதுவே மீகடத்தலின் பகை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர், 1998 இல் சீரியமும் இந்தியமும் சேர்ந்த சேர்வையொன்றில், ஏறத்தாழ 2.5 ஜிகா பஸ்கால் அமுக்கத்தில் காந்த ஒழுங்கு அழியும் விளிம்பிலேயே மீகடத்தல் தோன்றியதை வரைபில் காட்டினார். அதைவிட வியப்பூட்டியது 2000 ஆம் ஆண்டின் யுரேனியம்–ஜேர்மானியச் சேர்வை. சாதாரண அமுக்கத்தில் 52 கெல்வின் வரை அயக்காந்தமாக இருக்கும் அது, ஏறத்தாழ 1 முதல் 1.6 ஜிகா பஸ்கால் வரை, ஒரு கெல்வினுக்கும் கீழே, காந்தத்தன்மையை இழக்காமலே மீகடத்தியாகிறது. அமுக்கத்தை மேலும் கூட்டிக் காந்தம் மறையும்போது மீகடத்தலும் உடன் மறைந்துபோகிறது. பகையென்று எண்ணியதே இங்கு துணையாக நிற்கிறது என்பதற்கும், சோடிகள் ஒரே திசைத் தற்சுழற்சியுடையவையாக இருக்கவேண்டும் என்ற கருத்துக்கும் இதைவிடத் தெளிவான வாயில் மாணவருக்குக் கிடையாது. அமுக்கக் கலத்தை, அச்சின் துளைகளை அடைத்துவிட்ட இடியப்ப உரலுக்கு அவர் ஒப்பிட்டதும் பொருத்தமே. திரவத்தில் மூழ்கிய சிறு பளிங்கை எல்லாப் பக்கமும் ஒருசேர நெரிப்பதே அதன் வேலை.

குறை, கையில் தந்த குறிப்பேட்டில் இருந்தது. ஜிகா என்று வரவேண்டிய இடமெல்லாம் அதன் ஆயிரத்திலொரு பங்கான மெகா என அச்சாகியிருந்தது. இரணைமடுக் குளம் நிறைந்து 36 அடியைத் தொடும்போது அதன் அடியில் நீர் மட்டும் தரும் அமுக்கம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம். குறிப்பேட்டின்படி, யுரேனியச் சேர்வை மீகடத்தியாகப் பன்னிரண்டு இரணைமடுக்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலே போதும். உண்மையில் பன்னிரண்டாயிரம் வேண்டும். ஒரு பக்கத்தில் அமுக்கம், மறுபக்கத்தில் அழுத்தம், இலத்திரன் ஓரிடத்தில் மின்னணு எனச் சொற்களும் கலந்து கிடந்தன; நம் பரீட்சைத் தாளுக்கு எழுதும் பிள்ளைக்கு இது வீண் குழப்பம்.

பிற்பகலில், திரவ நைதரசனில் குளிர்வித்த வில்லையின் மேல் காந்தத்தை மிதக்கவிட்டனர். அழகான காட்சிதான். ஆனால் அது சாதாரண அமுக்கத்திலேயே மீகடத்தும் செப்பு ஒட்சைட்டு என்பதை ஒருவரும் சொல்லாததால், காலையில் கேட்ட யுரேனியச் சேர்வையே அதுவென என் அருகிலிருந்த மாணவி எழுதிக்கொண்டாள்.

தேநீரும் வாய்ப்பனும் நன்று. குறிப்பேட்டைத் திருத்தி அச்சிட்டால், அடுத்த தவணையில் என் மாணவர் மூவரை முற்பகல் அமர்வுக்கு அனுப்புவேன்.