மின்சாரம் போனால் கமிட் பிழைக்குமா? கிட்டில் உள்ள மூன்று வழிகள்

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் (Git) கமிட் போட்டாயிற்று, அதாவது மாற்றங்களைப் பதிவு செய்தாயிற்று. கிட் எந்தப் பிழையும் சொல்லவில்லை. பத்து விநாடியில் மின்சாரம் போகிறது. கணினி திரும்ப வந்ததும் பார்த்தால், கிளை, அதாவது கடைசிக் கமிட் எது என்று குறித்துவைக்கும் பெயர், புதிய கமிட்டைத்தான் சுட்டுகிறது. அந்தக் கமிட்டின் உள்ளடக்கம் இருக்கவேண்டிய ஆப்ஜெக்ட் கோப்போ பூஜ்ய பைட். போட்ட கமிட் பத்திரமாக இருக்கும் என்று நம்பித்தான் நாம் எல்லாருமே வேலை செய்கிறோம். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, எப்போது டிஸ்க்கில் எழுதுவது என்பதை இயங்குதளத்திடமே விட்டுவிடுவது. தனித்தனிக் கோப்பாகக் கிடக்கும் லூஸ் ஆப்ஜெக்ட்களுக்கு கிட் நெடுங்காலமாக இதைத்தான் செய்கிறது. எஃப்சிங்க் என்பது, எழுதியது டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருக்கும் அழைப்பு. அதை ஆப்ஜெக்ட்களுக்குப் போடும் அமைப்பு 2008-லேயே வந்துவிட்டது, ஆனால் இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டது. எழுதும் வரிசையைச் சரியாகக் காக்கும் கோப்பு முறைமையில் அது முழுக்க வீண் வேலை என்றது கிட்டின் கையேடு.

லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4-இல் (ext4) இந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. அங்கே கோப்பின் பெயர் ஜர்னல் என்ற மாற்றப் பதிவேட்டின் வழியாகச் சுமார் 5 விநாடியில் டிஸ்க்குக்குப் போய்விடும். உள்ளடக்கத்துக்கு இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போடுவதால், அது 30 விநாடி வரைகூட நினைவகத்திலேயே கிடக்கலாம். பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. பழைய கோப்பின் மேல் புதியதைப் பெயர்மாற்றி வைத்தால் உள்ளடக்கத்தை உடனே தள்ளிவிடும் ஒரு பாதுகாப்பு எக்ஸ்ட்4-இல் உண்டு. கிளைக் கோப்பு அப்படித்தான் புதுப்பிக்கப்படுகிறது, அதனால் தப்பிக்கிறது. ஆப்ஜெக்ட்டுக்கோ ஒவ்வொரு முறையும் புதுப் பெயர். அந்தப் பாதுகாப்பு அதைத் தொடுவதே இல்லை. கிளை சரியாக இருந்து, அது சுட்டும் கமிட் மட்டும் காலியாகக் கிடப்பது இப்படித்தான்.

இரண்டாவது, ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் எஃப்சிங்க். சந்தேகமே இல்லாத வழி, ஆனால் ஆயிரம் கோப்புகளைச் சேர்த்தால் ஆயிரம் காத்திருப்பு. சுழலும் டிஸ்க்கில் இது வாட்டி எடுத்துவிடும்.

மூன்றாவது, 2022-இல் வந்த பேட்ச் (batch) முறை, அதாவது மொத்தமாகச் சேர்த்துச் செய்வது. புதிய ஆப்ஜெக்ட்கள் முதலில் ஒரு தற்காலிக அடைவில் சேர்கின்றன. உள்ளடக்கத்தை டிஸ்க்கின் கேஷ், அதாவது அதன் தற்காலிக நினைவகம் வரை தள்ளிவிட்டு, கடைசியில் ஒரு வெற்றுக் கோப்புக்கு ஒரே ஒரு முழு எஃப்சிங்க். அதற்கு அப்புறம்தான் ஆப்ஜெக்ட்கள் தங்கள் நிஜ இடத்துக்குப் போகும். உள்ளடக்கம் இறங்காமல் பெயர் வெளியே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வரிசை பிசகுவதுதான் சிக்கலின் வேர், இது அந்த வரிசையையே நேராக்குகிறது. ஒரு குறை: எஃப்சிங்க் அளவுக்குப் பாதுகாப்பு என்று கையேடு எதிர்பார்ப்பது மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ், ஏபிஎஃப்எஸ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ், ரீஎஃப்எஸ் ஆகியவற்றில் மட்டுமே. லினக்ஸ் கோப்பு முறைமை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

அதனால் லினக்ஸில் நான் இரண்டாவது வழியையே எடுப்பேன். ஒரு நாளில் நாம் போடும் கமிட்களில் மாறுவது பெரும்பாலும் சில கோப்புகள்தான். எஸ்எஸ்டி இருந்தால் தாமதம் கண்ணில் படாது. கிட் 2.36 முதல் 'கோர்.எஃப்சிங்க்' (core.fsync) அமைப்பில் 'கமிட்டட்' (committed) என்று கொடுத்தால் போதும். இன்னும் கமிட் ஆகாமல், அடுத்த கமிட்டுக்கென்று சேர்த்துவைக்கும் இண்டெக்ஸில் இருப்பதும் முக்கியம் என்றால் 'ஆடட்' (added). மேக்கில் 'கோர்.எஃப்சிங்க்மெத்தட்' (core.fsyncMethod) அமைப்பையும் சேர்த்து 'பேட்ச்' என மாற்ற வேண்டும். அங்கே இயல்பாக இருக்கும் 'ரைட்அவுட்-ஒன்லி' முறை டிஸ்க்கின் கேஷைக் காலி செய்யச் சொல்வதில்லை.