பழைய குப்பைமேட்டில் கட்டடம்: பைல் இறக்குவதா, இடித்து இறுக்குவதா, தோண்டி எடுப்பதா?

கலிபோர்னியாவின் பிரிஸ்பேன், சான் பிரான்சிஸ்கோவைத் தெற்கில் ஒட்டிய சிற்றூர். அதன் விரிகுடாக் கரையில் 1967 வரை பக்கத்து மாநகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள். அடியில் தடுப்பு விரிப்பு கிடையாது. குப்பைக்குக் கீழே நேராகக் கடல் சேற்றுக் களிமண். மேற்கே சான் ஆண்ட்ரியாஸ் பிளவு, அக்கரையில் ஹேவர்டு பிளவு. இப்படிப்பட்ட நிலத்தில், நிலநடுக்கத்துக்குத் தோதான அஸ்திவாரம் பல சமயம் வாயுவுக்கும் நிலத்தடி நீருக்கும் வழி திறந்துவிடும். மூன்று வழிகளையும் எடைபோடும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பொறியாளர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது பைலில், அதாவது கட்டடத்தைத் தாங்க நிலத்தில் ஆழமாக இறக்கும் நீண்ட தூணில். குப்பை, சேறு இரண்டையும் தாண்டிக் கெட்டியான மண்ணில் ஊன்றினால் கட்டடம் இறங்காது. ஆனால் சுற்றியுள்ள குப்பை மக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்கும்போது பைலைப் பிடித்துக் கீழே இழுக்கும். இந்த இழுவையைக் கட்டடச் சுமையோடு கூட்டிக் கணக்கிடாவிட்டால் பைல் போதாது. சில ஆண்டுகளில் தளத்துக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளியில் மீத்தேன் தேங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் அது வெடிக்கும். அதனால்தான் கட்டடத்துக்குள் 1.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மாநில விதி. நிலநடுக்கக் கணக்கும் அதே இடைவெளியால்தான் தவறும்: பைலின் மேல்முனையைச் சுற்றி மண் இறுக்கிப் பிடித்திருக்கும் என்று வைத்துப் பக்கவாட்டு விசையைக் கணக்கிட்டிருப்பார்கள். மண் இறங்கியபின் பைலின் மேற்பகுதி பிடிமானமில்லாமல் நிற்கும். குலுங்கும்போது வளைவு விசை முழுக்க அங்கே விழும். கட்டட ஓரத்தில் வாயுக் குழாயும் சாக்கடைக் குழாயும் அறுபடுவதும் இதனால்தான். வளையும் இணைப்புகள் கட்டாயம் வேண்டும்.

பைல் இறக்கும் வேலையும் லேசானதல்ல. கான்கிரீட் துண்டு, டயர், பழைய ஃபிரிட்ஜ் என்று எதிலாவது முட்டி நிற்கும். முன்துளை போட்டால் குப்பைச் சாறு அந்த வழியே கீழ் நீர்த்தாரைக்குப் போகலாம். குப்பையை மூடியிருக்கும் மேல்மூடியின் நீர்புகா அடுக்கைத் துளைத்தால், துளைத்த இடத்தைச் செப்பனிட்டே ஆக வேண்டும்.

இடித்து இறுக்கும் முறையில் கிரேனிலிருந்து கனமான எடையை மீண்டும் மீண்டும் போடுவார்கள். 16 டன்னை 20 மீட்டரிலிருந்து போட்டால் குப்பையில் சுமார் 7 மீட்டர் ஆழம்வரை பலன் இருக்கும். வெற்றிடங்கள் நொறுங்கும், மேடுபள்ளமாக இறங்குவது குறையும், செலவும் குறைவு. மக்குவது நிற்காது; அடியிலுள்ள சேறும் கெட்டிப்படாது. குலுக்கலைப் பெருக்குவதே அந்தச் சேறுதான். ஆகவே தடித்த ராஃப்ட் அஸ்திவாரத்தில் (கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகை) ஒன்றிரண்டு மாடிக் கிடங்குகளுக்கு இது சரி, அடுக்ககத்துக்கு ஆகாது.

மூன்றாவது வழி, முழுவதையும் தோண்டி எடுப்பது. வாயுத் தொல்லை பெருமளவு தீரும். ஆனால் ஓர் ஏக்கரில் 9 மீட்டர் குப்பை என்றாலே 36,000 கன மீட்டருக்கு மேல். 15 கன மீட்டர் லாரியில் 2,400 நடைக்குமேல். தோண்டினால் குப்பை உப்பும், அதைச் சேர்க்கவில்லை. துர்நாற்றம், ஆஸ்பெஸ்டாஸ், ஹைட்ரஜன் சல்பைடு எல்லாம் வெளியே வரும். குழியில் நீர் ஊறும். நிரப்ப மணலைக் கொட்டிச் சரியாக இறுக்காமல் விட்டால், நிலநடுக்கத்தில் அதுவே குழம்பாகிவிடும். 1989 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதி சீரழிந்தது நிரப்பிய மண்ணால்தான்.

எதைத் தேர்ந்தாலும் குப்பைமேல் கட்டும் கட்டடத்துக்கு அடித்தளக் கீழ்மாடி கூடாது. தளத்துக்குக் கீழே ஜியோமெம்பிரேன் (வாயு புகாத செயற்கை விரிப்பு), அதற்கடியில் குறைந்தது 12 அங்குலம் சுத்தமான ஜல்லி, அதற்குள் துளையிட்ட வெளியேற்றக் குழாய்கள், ஒலியெழுப்பும் மீத்தேன் உணரிகள் வேண்டும். பெரிய நிலநடுக்கத்தில் மின்சாரம் முதலிலேயே போகும்; உறிஞ்சு விசிறிக்கும் உணரிக்கும் மாற்று மின்சாரம் இல்லாத வடிவமைப்பு எங்கள் கணக்கில் பாதிதான். பூங்காவாக விட்டாலும் வாயு விடாது: மவுண்டன் வியூ குப்பைமேட்டில் கட்டிய ஷோர்லைன் அரங்கின் புல்தரையில் 1986-ல் ரசிகர்கள் லைட்டர் பற்றவைத்தபோது தீ எழுந்தது.

இனி, கலிபோர்னியாவின் சுற்றுச்சூழல் சட்டம் (CEQA) இப்படிப்பட்ட திட்டத்துக்குக் கேட்கும் சுற்றுச்சூழல் அறிக்கை. வரைவு மாநில அலுவலகத்துக்குப் போனால் கருத்துச் சொல்லப் பொதுவாகக் குறைந்தது 45 நாள். ஆனால் 2015-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே இருக்கும் ஆபத்து புதிய குடியிருப்போரை எப்படிப் பாதிக்கும் என்று இந்தச் சட்டத்தின்கீழ் பொதுவாக ஆராயத் தேவையில்லை, திட்டம் அந்த ஆபத்தைக் கூட்டினால் ஆராய வேண்டும் என்றது. ஆகவே “இங்கே நிலநடுக்கம் வருமே” என்று எழுதும் ஆட்சேபம் நிற்காமல் போகலாம். “இந்தப் பைல்கள் குப்பைச் சாற்றைக் கீழே இறக்கும்” என்பது நிற்கும். மண் குழம்பும் அபாயத்துக்கு 1990-ன் நிலநடுக்க அபாய வரைபடச் சட்டம் தனியே மண் ஆய்வு கேட்கிறது.

2018 வாக்கெடுப்பில் பிரிஸ்பேன் மக்கள் 1,800 முதல் 2,200 வீடுகள்வரை ஒப்புக்கொண்டார்கள். அவை குப்பைமேட்டில் அல்ல, பழைய ரயில் யார்டுப் பக்கம். அந்தப் பிரிப்பு சரியானது. குப்பையின்மேல் சூரிய மின்தகடுகளும் லேசான கட்டடங்களும் போதும். அறிக்கை கைக்கு வந்தால், நிலவியல் அத்தியாயம் சொல்லும் பைல் எண்ணிக்கையையும் ஆழத்தையும் எடுத்து, நிலத்தடி நீர் அத்தியாயம் அதே எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள்.