லைனிங் இல்லாத கோட்டும் லாண்டரிக்காரரும்

என்னுடைய லைனிங் இல்லாத கோட்டு மறுபடியும் ரிப்பேருக்குப் போய் வந்திருக்கிறது. இந்த முறையும் லேப்பல்தான், காலருக்குக் கீழே நெஞ்சில் வெளிப்பக்கமாக மடிந்து கிடக்குமே, அது. அந்த நேரம் பார்த்துப் பெரம்பூர் நண்பர் ஒருவர், "தம்பி ரிசப்ஷனுக்கு அந்த மாதிரி பேட் இல்லாத கோட்டு ஒண்ணு தைக்கலாமாண்ணா?" என்று கேட்டார். தைக்கச் சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபம் பிறகு வரட்டும்.

துணி வெயிலுக்கேற்ற மெல்லிய கம்பளியான டிராபிக்கல் வுல், 260 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 260 கிராம்). தோளில் பேட் கிடையாது, நெஞ்சில் ஃப்யூசிங் என்ற ஒட்டும் விறைப்புத் துணி கிடையாது. லைனிங் இரண்டு கைக்குள்ளும் முதுகின் மேல்பக்கத்திலும் மட்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீழ் முதுகில் இழைகளுக்கு நடுவே ஜன்னல் கம்பி தெரியும். வண்ணாரப்பேட்டை மெட்ரோ படியேறி வெளியே வந்ததும் அடிக்கிற கொஞ்சநஞ்சக் காற்று உள்ளே வரும் வழி அதுதான். ராயபுரத்தில் மே மாதக் கல்யாணத்துக்குப் போனால் வாடகைக் கோட்டு போட்ட மாப்பிள்ளையைக் கவனியுங்கள். போட்டோவுக்குக் கையைத் தூக்கினால் கோட்டு மொத்தமும் கூடவே ஏறும், காலர் கழுத்தைவிட்டு இரண்டு விரல் தள்ளி நிற்கும். இந்தக் கோட்டில் ஷேர் ஆட்டோ கம்பியைப் பிடித்துத் தொங்கினாலும் கீழ் விளிம்பு பெரிதாக அசையாது. பேட் இல்லாததால் என்று பலர் நினைக்கிறார்கள். கை சேரும் வளைவான ஆர்ம்ஹோலை அக்குளுக்கு ஒட்டி உயர்த்தி வெட்டியதால் வந்த சுகம் அது.

இந்த மாதிரி கோட்டுக்கு ஊரறிந்த பெயர் இத்தாலிய டிசைனர் ஜியோர்ஜியோ அர்மானி. 2025 செப்டம்பரில் 91 வயதில் காலமானார். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர், மிலானில் லா ரினாசெந்தே என்ற பெரிய கடையில் ஷோகேஸ் அலங்கரித்தவர். 1960-களில் டிசைனர் நீனோ செருட்டியிடம் ஆண்கள் உடை வடிவமைத்தார். 1975-ல் செர்ஜியோ கலியோட்டியோடு சொந்தக் கம்பெனி. கோட்டுக்குள் விறைப்புக்காக இருந்த கேன்வாஸ் துணியையும் பேடையும் லைனிங்கையும் ஒவ்வொன்றாகக் குறைத்தார், பட்டனைக் கீழே இறக்கினார், விறைத்து நிற்கும் துணியை விட்டு வழிந்து விழும் துணிக்கு மாறினார். 1980-ல் ரிச்சர்ட் கியர் ஒரு ஹாலிவுட் படத்தில் அந்த உடைகளைப் போட்டு நடித்தார். 1982-ல் அர்மானி 'டைம்' பத்திரிகை அட்டைக்கே வந்துவிட்டார். ஆனால் மென்தோள் கோட்டு அவர் கண்டுபிடிப்பு இல்லை. வெயிலும் கடலும் உள்ள இத்தாலியின் நேப்பிள்ஸில், ரூபினாச்சி கடையின் கட்டிங் மாஸ்டர் வின்சென்சோ அத்தோலினி 1930-களிலேயே வெட்டியது அது. அர்மானி அந்த இலகுவை ரெடிமேடில் கொண்டுவந்து உலகம் முழுக்க ஹேங்கரில் தொங்கவிட்டார். சீசனுக்கு சீசன் தலைகீழாக மாற்றாமல் ஒரே யோசனையைப் பல வருஷம் தேய்த்து மெருகேற்றியது அவருடைய பெரிய குணம். அதற்காக 80-களில் அவர் போட்ட அகலத் தோளை இன்றைக்கு அப்படியே காப்பியடிக்கச் சொல்லாதீர்கள், அண்ணன் கோட்டைக் கடன் வாங்கிப் போட்டது போலிருக்கும்.

நம்ம ஊரில் தைக்கும்போது முதல் சிக்கல் இங்கேதான். "பேட் வேணாமா? எடுத்துட்டாப் போச்சு" என்று சொல்கிற மாஸ்டரிடம் துணியைக் கொடுக்காதீர்கள். வழக்கமான வெட்டில் பேடுக்கென்று தோள் நுனியில் அரை அங்குலம்வரை உயரம் விட்டிருப்பார்கள். பேடை மட்டும் உருவினால் அந்த உபரித் துணி தொங்கி, கை சேரும் இடத்தில் பள்ளம் விழும். தோள் சரிவை உங்கள் தோளுக்கே அளந்து வெட்ட வேண்டும், இரண்டு தோளையும் தனித்தனியாக. ஒரு தோள் தாழ்ந்திருந்தால் பேட் மறைத்துவிடும், இதில் காலருக்குக் கீழே சாய்வாகச் சுருக்கம் காட்டிக்கொடுக்கும்.

கூலியும் அதிகம் ஆகும். லைனிங் இல்லையே, குறையாதா என்று எல்லோரும் கேட்பார்கள். லைனிங் என்பது உள்ளே உள்ள பிசிறையெல்லாம் மூடுகிற திரை. அது இல்லையென்றால் ஒவ்வொரு தையல் ஓரத்துக்கும் ஒன்றேகால் அங்குலத்தில் துணியைக் குறுக்குச் சாய்வாகக் கிராஸ் பீஸ் வெட்டி, ஓரத்தைச் சுற்றி மூடி பைப்பிங் அடிக்க வேண்டும். ஓவர்லாக் போட்டு முடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம், நூல் சட்டையில் உரசிப் பிரியும். கைக்கு மட்டும் லைனிங் கட்டாயம். இல்லாவிட்டால் வியர்த்த சட்டைக் கை வுல்லில் ஒட்டிக்கொண்டு, கோட்டைக் கழற்றும்போது முழங்கை வரை சுருண்டு வரும்.

இனி லேப்பல்.

பட்டனிலிருந்து காலர் வரை லேப்பல் மடிகிற மடிப்புக் கோடு இருக்கிறதே, அதன் உள்பக்கம், கால் அங்குல காட்டன் டேப் ஒன்று ஓடும். அதை மடிப்புக் கோட்டின் நீளத்தைவிடக் கால் அங்குலம் போலக் குறைத்து வெட்டி, துணியை லேசாகச் சுருக்கிக் கைத்தையலில் பிடிப்பார்கள். அந்தச் சின்னச் சுருக்கத்தால்தான் லேப்பல் தட்டையாகப் படியாமல் உருண்டு மடிகிறது. உள்ளே விறைப்பு எதுவும் இல்லாத கோட்டுக்கு முகமே அதுதான். லாண்டரியில் அதன் மேல் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியின் எடை மொத்தத்தையும் இறக்கிக் கூராக ஒரு மடிப்பு வைத்து அனுப்புகிறார்கள். "லேப்பல்ல அயர்ன் வேண்டாம்" என்று சீட்டு எழுதிப் பின் குத்திக் கொடுத்தால், சீட்டும் மொடமொடவென்று தேய்த்து வருகிறது! அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மடிப்பு கூராக இல்லையென்றால் "தேச்சீங்களா இல்லையா?" என்று சண்டைக்கு வருகிற வாடிக்கையாளர்தான் அதிகம். இருக்கட்டும், எழுதிக் கொடுத்ததைப் படிக்கக்கூடவா கூடாது?

வுல்லில் நேரடியாகப் பெட்டி பட்டால் இழை நசுங்கிப் பளபளப்பு வரும். மடிப்பை மட்டும் வீட்டிலேயே எடுத்துவிடலாம். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, லேப்பலைத் திறந்து உள்பக்கத்தில் விரித்து, பெட்டியை அழுத்தாமல் பட்டும் படாமலும் பிடித்து ஆவி ஏற்றுங்கள். மடிப்பு இளகியதும் சின்னத் துண்டு ஒன்றைச் சுருட்டி உள்ளே வைத்து, லேப்பலைக் கையால் அதன்மேல் மடித்து, ஈரம் போகும்வரை விட்டுவிட வேண்டும். பட்டனுக்கு மேலே நான்கு அங்குலத்தைத் தொடவே வேண்டாம். டேப்பே இழுபட்டுத் தளர்ந்துவிட்டால் இதெல்லாம் பலிக்காது, பிரித்துப் புது டேப் வைக்க வேண்டும். இப்போது முடிந்தது அந்த வேலைதான். துணி ஒன்றும் ஆகவில்லை, தையல் விடவில்லை. தேய்த்துத் தேய்த்தே செலவு வைக்கிறார்கள்.

மற்றபடி சில்லறைக் குறைகள். போனைப் பக்கப் பையில் போட்டால் முன்பக்கம் தொங்கும். கம்பி ஹேங்கர் தோளில் குமிழ் விடும், ஒன்றரை அங்குல அகலக் கட்டை ஹேங்கர் வாங்குங்கள். லாண்டரி பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் வைத்தால் ஐப்பசி மழையில் பூஞ்சை நிச்சயம்.

நண்பருக்குப் பதில்: தம்பிக்கு வேண்டாம். ஒரு ராத்திரி மேடையில் நிற்க வாடகைக் கோட்டே போதும், வியர்த்தால் வியர்க்கட்டும். இதைத் தைப்பதென்றால் லாண்டரியை நம்பாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற ஆள் வேண்டும், உங்கள் தம்பி சட்டையையே நாற்காலியில் போடுகிறவர். கேட்காமல் தைக்கத்தான் போகிறீர்கள் என்றால் துணிக்கடைகள் நிறைந்த கோடவுன் தெருவில் 58 அங்குல அகலத்தில் கோட்டுக்கு இரண்டு மீட்டர் எடுங்கள், பேன்ட்டுக்கும் அதே தானில் (துணிச் சுருளில்) அன்றைக்கே வெட்டி வாங்கிவிடுங்கள். அடுத்த தானில் அதே நிறம் அமைவது சந்தேகம்.